தணிகாசலத்தின் கல்யாணமும் என் கண்ணீரும்

காலை ஒன்பது மணி பத்து நிமிஷம். பந்தலுக்குள் காலெடுத்து வைத்ததும் முதலில் என் கண்ணில் பட்டது இரண்டு மணவறைகள். இரண்டிலும் ஹோமப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டிலும் பட்டு வேட்டி உடுத்தி, நெற்றியில் பட்டம் கட்டிக்கொண்டு தணிகாசலம் உட்கார்ந்திருந்தான்.

ஒரு தணிகாசலத்தையே சகித்துக்கொள்ள முடியாதவனுக்கு, அவனை இரண்டாகக் காட்டினால் எப்படி இருக்கும்?

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டால் ஒரே தணிகாசலம்தான் தெரிவான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கழற்ற முடியாத நிலை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

பொறாமை வயிற்றில் இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அது கண்ணில்தான் இருக்கிறது. முதலில் உறுத்தும், பிறகு சிவக்கும், பிறகு வழியும். தேய்க்கத் தேய்க்க அதிகமாகும். (தேய்க்காமலும் இருக்க முடியாது, அதுதான் அதன் குணம்.)

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. நானும் தணிகாசலமும் ஒரு தமிழ்த் தினசரியில் ஒரே நாளில் பிழை திருத்துபவர்களாகச் சேர்ந்தோம். எதிரெதிராக உட்கார ஒரே மேஜை. தலைக்கு மேலே ஒரே பல்பு. ஆகாய விமானங்களுக்குத் தெரியக்கூடாது என்று அந்தப் பல்புக்குக் கறுப்புக் காகிதத்தில் குல்லாய் போட்டிருந்தார்கள். வெளிச்சம் மேஜையின் நடுவில் ஒரு தோசை அளவுக்கு விழும். அந்தத் தோசைக்குள் இருவரும் காகிதத்தை நீட்டி, ஈரம் காயாத மையில் துணைக்கால் விட்டுப்போயிருக்கிறதா, ஒற்று போயிருக்கிறதா என்று தேடவேண்டும். ஒரு மாதத்தில் என் கண்கள் சிவந்துவிட்டன. வலது கண்ணில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. தணிகாசலத்தின் கண்கள் மட்டும் அப்போதுதான் கழுவித் துடைத்துப் பொருத்தியவைபோல் இருந்தன.

அவன் தங்க ஃப்ரேம் கண்ணாடி போட்டிருந்தான். அவன் பார்வைக்கு அது தேவை என்பது பிறகுதான் தெரிந்தது; அப்போது அது அவனுடைய அறிவுக்குப் போட்ட ஃப்ரேம் என்று நினைத்தேன். ஆசிரியர் அறைக்குள் கூப்பிடும்போது அவனை "மிஸ்டர் தணிகாசலம்" என்பார். என்னை "ஏம்ப்பா" என்பார். சில நாள் நான் பக்கத்தில் நின்றிருந்தால் அதுவும் இல்லாமல் விரலால் கூப்பிடுவார். நான் பதினைந்து பிழை கண்டுபிடித்த பக்கத்தில் அவன் ஒரு பிழை கண்டுபிடிப்பான். ஆனால் அது ஆசிரியர் எழுதிய தலையங்கத்தில் இருக்கும், அதை அவன் தனியாகப் போய்ப் பணிவாகச் சொல்லுவான். அவனை நிருபராக்கினார்கள். நான் அதே பல்பின் கீழே இருந்தேன். மேஜை முழுவதும் எனக்கே கிடைத்தது என்பதுதான் அதில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு.

இது போதாதென்று ஜாதகம் வேறு. தியாகராய நகரில் வெங்கட்நாராயணா ரோடு பக்கம் மரகதம் என்று ஒரு பெண்ணுக்கு வரன் பார்த்தார்கள். என் அண்ணன் என் ஜாதகத்தை அனுப்பினார். பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். சரி, கிரகங்கள் அப்படி என்று இருந்துவிட்டேன். அடுத்த மாதமே தணிகாசலத்தின் ஜாதகம் அதே வீட்டுக்குப் போயிற்று. பத்துப் பொருத்தமும் பொருந்திவிட்டதாம்! மரகதத்தை நான் பார்த்ததுகூட இல்லை. எனக்கு வேண்டியது மரகதம் அல்ல. அந்த வீட்டார் அவனுக்குச் சொன்ன "ஆகட்டும்" என்ற சொல் எனக்கு வேண்டியிருந்தது.

பெண் என்றால் எனக்கு வேண்டியிருந்தது வேதவல்லி. பாண்டி பஜாரில் சிங்காரவேலு முதலியார் என்று பித்தளை, வெண்கலப் பாத்திரக் கடை வைத்திருந்தவரின் மகள். ஒரு நாள் அண்ணிக்குத் துணையாகக் குடம் வாங்கப் போயிருந்தேன். முதலியார் ஒரு குடத்தை எடுத்து, "இந்த மாதிரி சரக்கு மெட்ராஸ்லயே கெடையாதும்மா" என்று புகழ்ந்துகொண்டிருந்தார். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த வேதவல்லி அந்தக் குடத்தை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இது வேணாங்க்கா. அடியில ஒட்டுப் போட்டுக்கீது. அந்த மேல் தட்டுல கீதே, அத்த எடுங்க" என்றாள்.

முதலியார் மகளை முறைத்தார். அவள் சோற்று மூட்டையை அவிழ்த்துக்கொண்டே சிரித்தாள். எனக்கு அந்த இடத்திலேயே தீர்மானமாகிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் குடத்தை நான்தான் தூக்கி வந்தேன், தோளில் கனம் தெரியவில்லை. அண்ணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அண்ணன் போய்ப் பேசினார். முதலியார் உடனே பதில் சொல்லவில்லை. பாத்திரத்தைத் தட்டிப் பார்க்காமல் வாங்குகிறவர் இல்லை அவர். மரகதத்தின் வீடு அவருக்குத் தூரத்து உறவு. "மரகதம் கண்ணாலத்துக்கு உங்க தம்பி வருவாரில்ல? அங்க வெச்சு நா பாத்துக்கறேன். பாக்கறேன்னு அவருக்குத் தெரிய வேணாம்" என்று சொல்லி அனுப்பினார். அண்ணன் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை என்னிடம் சொன்னார்.

"மூணாவது வரிசையில உக்காந்துக்கினு இருப்பாரு. நீ நிமிந்து நில்லு. படிச்சவன் மாதிரி இரு. கண்ணைக் கசக்காதே. அசிங்கமா கீது."

படிச்சவன் மாதிரி! அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது. மணவறையில் தணிகாசலம் தங்க ஃப்ரேமோடு உட்கார்ந்திருப்பான். ஆபீஸ் சார்பில் வாழ்த்து மடல் படிக்க நான் அவன் பக்கத்தில் போய் நிற்பேன். மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்தால் ஜமீன்தாரும் அவருக்குக் குடை பிடிக்கிறவனும் மாதிரி இருக்கும்.

சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் பழைய சாமான் விற்பவர்களிடம் போனேன். ஒருவர் கோணிமேல் கண்ணாடிகளைப் பரப்பி வைத்திருந்தார்.

"இன்னா வோணும் நைனா? கிட்டப் பார்வையா, தூரப் பார்வையா?"

"தங்க ஃப்ரேம்" என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "ஒரு ஜட்ஜய்யா போட்டுக்கினு இருந்தது. தவறிட்டாரு பாவம். நல்லா தீர்ப்பு சொல்லிக்கினு இருந்த கண்ணாடி."

போட்டுப் பார்த்தேன். தெரு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கைக்கண்ணாடியில் என் முகம் மட்டும் மிக நன்றாக இருந்தது, அதாவது கலங்கலாக இருந்தது.

பழக வேண்டும் என்று அன்று முதல் ஆபீசில் அதைப் போட்டுக்கொண்டே வேலை செய்தேன். எழுத்துகள் பூசணிக்காய் மாதிரி ஊதித் தெரிந்தன. நெற்றிப்பொட்டில் யாரோ ஆணி அடித்தார்கள். ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருந்த வலது கண் இப்போது வாளி வாளியாக இறைத்தது. இடது கண் அதற்கு ஒத்தாசை செய்தது. கண்ணாடியின் மேல்தான் பழி போடவேண்டும் என்பது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஆனால் தணிகாசலம் ஒரு நாள் பக்கத்தில் வந்து, "அட, உனக்கும் கண்ணாடியா? நல்லா கீதுடா" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு உயிரே போனாலும் அதைக் கழற்றுவதாக இல்லை.

கண்ணாடியைக் கழற்றாமல் கண்ணை மட்டும் குணப்படுத்த ஊரே கிளம்பிற்று.

அண்ணி நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சொட்டுச் சொட்டாக விட்டாள். குளிர்ச்சியாக இருந்தது. அந்தக் குளிர்ச்சி போவதற்குள் அச்சுக்கோர்க்கும் பகுதியின் ஃபோர்மன், "பூவெல்லாம் சாமிக்கு. கண்ணுக்குத் தாய்ப்பால்தான்" என்றார். அடுத்த வீட்டில் புதிதாகப் பிள்ளை பெற்ற ஒரு பெண் இருந்தாள். அண்ணி போய் வாங்கி வந்தாள். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் ஒரு பாலாடையில் கொடுத்தாளாம். மறுநாள் அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் நின்றாள். குழந்தை என்னைப் பார்த்த பார்வையில் பொறாமை இருந்தது. அந்தப் பார்வையை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

மூன்றாவது, ஆபீசில் அச்சு மிஷின் ஓட்டும் காதர் பாய். ராயப்பேட்டைக்காரர், நல்ல மனுஷர். கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு சின்னப் பித்தளைக் குப்பியில் கறுப்புக் கண்மைப் பொடி கொண்டுவந்து கொடுத்தார்.

"சுர்மா நைனா. ராத்திரி படுக்கசொல்ல, ஊசி மொனையில ஒரே ஒரு இழுப்பு. காலையில கண்ணு ஜிகுஜிகுன்னு ஆயிடும்."

ராத்திரி போட மறந்துவிட்டேன். காலையில் நிலைக்கண்ணாடி முன் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கண்ணில் மை தீட்டியிருப்பார்கள். தணிகாசலத்தின் கண்கள் இன்னும் பெரிதாகத் தெரியும். (அவனுக்கு எதற்கு இன்னும் பெரிசு?) ஊசி முனையெல்லாம் போதாது என்று கீழ் இமையில் நாலு இழுப்பு, மேல் இமையில் நாலு இழுப்பு. அதன்மேல் ஜட்ஜய்யாவின் கண்ணாடி. மயிலாப்பூரிலிருந்து நான் ஏறிய பஸ் பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரி வாயுவில் ஓடிக்கொண்டிருந்த பஸ். அதன் பின்புறம் ஓர் உருளை அடுப்பு தொங்கும். நான் அதற்குப் பக்கத்து ஜன்னலில்தான் உட்கார்ந்தேன்.

இந்த லட்சணத்தில்தான் ஒன்பது பத்துக்குப் பந்தலில் நுழைந்து இரண்டு தணிகாசலங்களைப் பார்த்தேன். வாசலில் சந்தனம் கொடுத்த பெரியவர் என் கண் மையைப் பார்த்துவிட்டு, "இன்னா மாப்பிள்ள, இங்க நிக்கறீங்க? உள்ள தேடப் போறாங்க" என்றார். ஒரு விநாடி எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது, அட்சதை விழுந்தது. எதையும் நான் பார்க்கவில்லை. சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன். பிறகு ஒருவர் கையைத் தட்டி எல்லோரையும் அமர்த்தி, "ஆபீஸ் நண்பர் வாழ்த்து மடல் வாசிப்பார்" என்றார்.

அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு வாழ்த்து மடல் அச்சடித்துக் கொடுப்பது பெரிய மரியாதை. ரோஜா நிறக் காகிதத்தில், ஓரத்தில் கொடியும் கிளியும் போட்டு, மணமக்கள் பேரைப் பெரிய எழுத்தில் கோத்துச் செய்யுளாக அச்சடித்து, சபையில் ஒருவர் நின்று படிக்கவேண்டும். எங்களுடையதை நான்தான் எழுதினேன். (ஒற்றுப்பிழை வராது என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.) காகிதப் பஞ்சத்தில் ரோஜா நிறம் கிடைக்கவில்லை. சாக்கு நிறத்தில் ஒரு காகிதம், அதில் மங்கலான மை.

மணவறைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஓரக்கண்ணால் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக முதலியார் இருந்தார். ஒருவர் அல்ல, இருவர். நிமிர்ந்தேன். மடலை விரித்தேன். காற்று திசை மாறி ஹோமப் புகை முழுவதையும் என் முகத்தில் கொண்டுவந்து கொட்டியது.

"பொன்னின் ஒளியும் பூவின் மணமும் போலே..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை. எழுதியவன் நான்தானே, மனப்பாடமாகச் சொல்லிவிடலாம் என்றால், நெஞ்சில் வேறு வரிகள்தான் வந்தன. நிறுத்தினேன். கண்ணிலிருந்து ஒரு சொட்டு மடலின்மேல் விழுந்தது. அது கறுப்பாக இருந்தது.

 எனக்கு முன்னால் இருந்த ஒரு கிழவி, "த்சொ, த்சொ" என்றாள்.

கண்ணாடியைக் கழற்றித் துண்டால் கண்ணை அழுத்தித் தேய்த்தேன். அதுவரை இமைகளில் மட்டும் இருந்த சுர்மா இப்போது நெற்றியில் பாதி, கன்னத்தில் பாதி. மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எங்கள் தணிகாசலம்..." என்றேன். அந்த இடத்தில் இரண்டு கண்களும் மடை திறந்துகொண்டன. மூக்கும் சேர்ந்துகொண்டது. குரல் கம்மிப்போய், "எங்கள் தணிகாசலம், எங்கள் தணிகாசலம்" என்று அந்த இடத்திலேயே நின்றேன்.

இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாகஸ்வரக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று சோகமாக ஏதோ ஆரம்பித்தார், யாரோ அடக்கினார்கள். தணிகாசலம் மணவறையிலிருந்து கையை நீட்டி என் கையைப் பிடித்தான்.

"டேய், எம்மேல இவ்ளோ பிரியம் வெச்சிருந்தியாடா? தெரியாம பூட்டுதே!"

அவன் கண்ணிலும் நீர் துளித்தது. ஒரே ஒரு துளி. மை கலையாமல், கன்னத்துக்கு வராமல், இமை ஓரத்தில் முத்து மாதிரி நின்றது. சபை முழுவதும் அதைப் பார்த்தது. அழுவதிலும் அவன்தான் ஜெயித்தான்.

மணமகள் மரகதத்தை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன், அதுவும் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல. ஆனால் என் முதுகுக்குப் பின்னால் கதை உருவாகிவிட்டது.

"இவருதான் முன்னாடி பொண்ணு கேட்டவராம்."

"ஐயோ பாவம்! மனசுலயே வெச்சிக்கினு வந்து வாழ்த்து படிக்கறாரு பாரேன்."

"மை வேற போட்டுக்கினு வந்துகீறாரு பாவம். இன்னா ஆசையோ."

முதலியார் சாப்பிடாமல் புறப்பட்டார். அண்ணன் வாசல் வரை ஓடினார். நானும் பின்னாலேயே ஓடி, ஒரு வாழைமரத்தில் மோதி நின்றேன்.

"தம்பி நல்ல பையன்தான், ஒத்துக்கறேன்" என்றார் முதலியார் அண்ணனிடம். "ஆனா மனசு வேற எடத்துல கீது. எம்பொண்ணுக்கு ஒட்டுப் போட்ட பாத்திரம் வேணாம்."

"அது கண்ணு நோவுங்க! ஒரு மாசமா இப்படித்தான் வழிஞ்சுக்கினு கீது."

"ஒரு மாசமாவா?" என்றார் முதலியார். "இந்தக் கண்ணாலம் நிச்சயமாயி எத்தினி நாளாச்சு?"

அண்ணன் கணக்குப் போட்டார். ஒரு மாதம்தான்.

அன்று சாயங்காலம் ஆபீசுக்குப் போனேன். என்னிடம் திருத்த வந்த முதல் பக்கத்தில் தணிகாசலத்தின் கல்யாணச் செய்தி இருந்தது. "நண்பர் ஒருவர் ஆனந்தக் கண்ணீர் சொரிய வாழ்த்து மடல் வாசித்தமை அனைவர் உள்ளத்தையும் உருக்கிற்று" என்று முடிந்தது. பிழை ஏதாவது கிடைக்காதா என்று திரும்பத் திரும்பப் படித்தேன். ஒற்றுகூடச் சரியாக இருந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அண்ணன் பாண்டி பஜாருக்குப் போய்க் கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். பாத்திரம் வாங்க வந்தவர்கள் முன்னிலையில், "எந்தப் பையனாவது பாக்காத பொண்ணுக்காக அழுவானா" என்று நியாயம் கேட்டார். வியாபாரம் கெட்டது. கடைசியில் முதலியார், "நோவுன்னா டாக்டர் கையில காட்டு. நானும் கூட வரேன். என் காதால கேக்கணும்" என்றார்.

லஸ் பக்கத்தில் வீட்டு முன்பக்கத்து அறையில் வைத்தியம் பார்த்த கண் டாக்டரிடம் போனோம். நான் நாற்காலியில், அண்ணன் எனக்கு வலது பக்கம், முதலியார் இடது பக்கம். கைதியைக் கொண்டுவந்த மாதிரி இருந்தது. டாக்டர் என் இமையைப் புரட்டிப் பார்த்தார்.

"என்னென்ன போட்டீர்?"

சொன்னேன். பூச்சாறு. தாய்ப்பால். சுர்மா. இடையில் ஒரு நாள் விளக்கெண்ணெய்.

"கண் என்ன, ஊறுகாய் ஜாடியா?" என்றார் டாக்டர். "மாங்காய் போட்டேன், உப்புப் போட்டேன், மிளகாய் போட்டேன் என்கிறீரே! இதில் சுத்தமான தண்ணீர் ஒன்றுதான் போடவில்லை."

ஜட்ஜய்யாவின் கண்ணாடியைக் கேட்டு வாங்கி ஒரு புத்தகத்தின்மேல் பிடித்துப் பார்த்தார். "இது எழுபது வயதுக்காரர் படிப்பதற்குப் போட்டது. ஒரு பக்கம் வளைந்து வேறு போயிருக்கிறது. உமக்குப் பார்வையில் ஒரு குறையும் இல்லை. எதற்காக இதைப் போட்டீர்?"

நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். முதலியார் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

பிறகு டாக்டர் வலது கண்ணைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, "இதோ இருக்கிறான் ஆசாமி" என்றார். இமை முடி ஒன்று வெளியே வளராமல் உள்பக்கமாக வளைந்திருந்ததாம். ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் கருவிழியை விளக்குமாற்றால் பெருக்குவதுபோல் பெருக்கிக்கொண்டிருந்ததாம். உறுத்துகிறதே என்று நான் தேய்க்க, கண் புண்ணாக, பொருந்தாத கண்ணாடியும் இருட்டு விளக்கும் சேர்ந்து சிரமப்படுத்த, மேலே ஊறுகாய் மசாலா.

"கண்ணில் ஏதாவது உறுத்தினால் அதைக் கழுவிவிட உடம்பே தண்ணீர் விடும்" என்று டாக்டர் முதலியாருக்கு விளக்கினார். "அது வடிய மூக்குப் பக்கத்து ஓரத்தில் பொடி ஓட்டை இருக்கிறது. அங்கிருந்து மூக்குக்குள் ஒரு சின்னக் கால்வாய். வரத்து அதிகமானால் கால்வாய் தாங்காது, கன்னத்தில் வழியும்."

"கார்ப்பரேசன் சாக்கடை மாதிரி" என்றார் முதலியார்.

"அதைவிட ஒழுங்காக வேலை செய்யும்."

"அது சரிங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கண்ணாலத்துல வந்தது அழுகைத் தண்ணியா, நோவுத் தண்ணியா?"

"தண்ணீரைப் பார்த்து அதெல்லாம் சொல்ல முடியாதய்யா. இரண்டும் ஒரே குழாய்."

முதலியாரின் முகம் இறுகியது. அண்ணன் சுவரைப் பார்த்தார். எனக்கு வேதவல்லி சோற்று மூட்டையை அவிழ்த்துக்கொண்டே சிரித்தது ஞாபகம் வந்தது. அந்தச் சிரிப்பை இனி வேறு எவனோ பார்க்கப் போகிறான். (அவன் முகம் தெரியாவிட்டாலும் அவன்மேல் உடனே பொறாமை வந்தது.)

டாக்டர் சிறிய இடுக்கியால் அந்த முடியைப் பிடுங்கினார். கண்ணைக் கழுவி, மருந்து விட்டு, பஞ்சால் ஒற்றிவிட்டு, "கொஞ்ச நேரம் அப்படியே இரும்" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக உறுத்தல் இல்லை. நீரும் நின்றது. சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படித்தேன். டாக்டர் சொல்லிக்கொண்டே போனார்: இனி கண்ணில் எதையும் போடாதீர். கொதித்து ஆறிய தண்ணீர், சுத்தமான துணி, அவ்வளவுதான். கையால் தேய்க்கக்கூடாது. விளக்கு பின்னாலிருந்து தோள் வழியாக விழவேண்டும். படிக்கும்போது இமைக்க மறக்கக்கூடாது. நடுநடுவே தலையைத் தூக்கி, தூரத்தில் எதையாவது பார்க்கவேண்டும்.

"தூரத்துல இன்னா கீது உங்க ஆபீஸ்ல?" என்று முதலியார் திடீரென்று கேட்டார்.

"தணிகாசலத்தின் மேஜை" என்றேன்.

முதலியார் எழுந்து வந்து எனக்கு நேர் எதிரே நின்றார். கடையில் பாத்திரத்தைத் தட்டுவதற்கு முன் நிற்பாரே, அந்த நிலை.

"டாக்டர், இப்ப தண்ணி நின்னுட்சில்ல?"

"நின்றுவிட்டது."

"அப்ப நா கேக்கறேன், நீங்க கண்ணைப் பாத்துக்கினே இருங்க." என் பக்கம் திரும்பி உரக்க, "மரகதம்!" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். கண் காய்ந்து கிடந்தது.

"மரகதத்துக்குக் கண்ணாலம் ஆயிட்சு! புருசன் வூட்டுக்குப் பூட்டா!"

"சந்தோஷம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

டாக்டர் குனிந்து பார்த்து, "ஒன்றுமில்லை" என்றார். அண்ணனுக்கு மூச்சு வந்தது. முதலியார் விடவில்லை. தலையைச் சாய்த்து யோசித்தார்.

"அந்தத் தணிகாசலம் மேஜையில டெலிபோன் வெச்சுக் குடுத்துட்டாங்களாமே? அவனுக்கே தனியா. மெய்தானா?"

எனக்கு அது அதுவரை தெரியாது.

"டெலிபோனா?" என்றேன்.

வலது கண்ணிலிருந்து ஒரு சொட்டு மெதுவாக இறங்கிற்று. பின்னாலேயே இடது கண்ணிலிருந்தும் ஒன்று. (மருந்து வழிந்தது என்று இன்றுவரை சொல்லிவருகிறேன்.) டாக்டர் பஞ்சை எடுக்கப் போனவர், எடுக்காமல் நின்றார்.

முதலியார் சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, தலைப்பாகை சரிய, தொந்தி குலுங்கச் சிரித்தார்.

"பொண்ணு மேல ஒண்ணுமில்லப்பா! இவுருக்கு எல்லாம் அந்தப் பையன் மேலதான்! அட, பொறாமக்காரன்யா நம்ம மாப்பிள்ளை!"

'நம்ம மாப்பிள்ளை' என்றதும் அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார், இனி விட்டால் மாற்றிச் சொல்லிவிடுவாரோ என்பதுபோல.

"எங்கடைக்கு எதுர்ல ஒருத்தன் கடை போட்டப்ப எனக்கும் இப்படித்தான். ஆறு மாசம் தூக்கமில்ல" என்றார் முதலியார். "பரவால்ல. பொறாமப்பட்டா வேலையாவது செய்வாரு."

அந்த ஆவணியில் எனக்கும் வேதவல்லிக்கும் கல்யாணம் நடந்தது. முதல் ராத்திரி அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மெய்யாலுமே டெலிபோன் வெச்சுட்டாங்களா?" என்பது. டாக்டரிடமிருந்து வீடு திரும்பியதும் அவள் அப்பா எல்லாவற்றையும் நடித்தே காட்டிவிட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் என் கண் கலங்குவதற்கு ஒரே அர்த்தம்தான். வெங்காயம் நறுக்கும்போது அந்தப் பக்கம் போனால், "இன்னிக்கு யாருக்குப் பெரிய வேலை கெடச்சுது?" என்பாள். கடற்கரையில் மணல் விழுந்து கண்ணைக் கசக்கினால், "யாரு காரு வாங்கினாங்க?" என்பாள். பிள்ளைகள் பிறந்து பேச ஆரம்பித்ததும் அவர்களும் கேட்டார்கள். தணிகாசலம் ஆசிரியரான அன்று எனக்கு உண்மையாகவே கண்வலி வந்து படுத்திருந்தேன். மாமனார் பாண்டி பஜாரிலிருந்து பார்க்க வந்தார். வாசலிலேயே சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிப் போய்விட்டார்.

எங்கள் மகள் கல்யாணம் ராஜா அண்ணாமலைபுரத்தில் நடந்தது. தாலி கட்டி முடிந்து அவள் என் காலில் விழுந்து எழுந்தபோது நான் அழுதேன். துண்டை வாயில் வைத்துக்கொண்டு, அடக்க முடியாமல் அழுதேன். முன் வரிசையில் தணிகாசலம் மனைவியோடு உட்கார்ந்திருந்தான். என் மகன் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவனிடம் காரணம் கேட்ட நாலு பேரும் சிரித்தார்கள். விஷயம் தெரியாத சம்பந்தி வீட்டார் பதறிப்போய், விருந்துக்கு வந்திருந்த ஒரு கண் டாக்டரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, இமையைத் தூக்கி, இரண்டு கண்களையும் பார்த்தார். கண்ணில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.